பிரிட்டனில் அந்தந்தப் பருவத்து விளைச்சலை வைத்தே ஆண்டு முழுக்கச் சமைக்க முடியுமா?

செப்டம்பரில் படிக்க லீட்ஸ் வந்திருக்கிறீர்கள், இங்கே விளைவதை வாங்கிச் சமைக்க ஆசை, ஆனால் நவம்பர் இருட்டைப் பார்த்ததும் குளிர்காலத்தை எப்படிக் கடப்பது என்று கவலை வந்துவிட்டது என எழுதியிருக்கிறீர்கள்.

முடியும். பதினோரு வருடமாக லீட்ஸ் பக்கம்தான் இருக்கிறேன், அப்படித்தான் சமைக்கிறேன். பருப்பு, மிளகாய், தேங்காய், புளி எல்லாம் கப்பலில் வருவதுதான். அவற்றை விட எனக்கு மனமில்லை. காயும் பழமும் மட்டும் கூடியவரை இந்த மண்ணில், அந்த மாதத்தில் விளைந்ததாக இருக்கும்.

ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டிய மாதம் நவம்பர் இல்லை, ஏப்ரல். இங்கே பயிர் வைப்பவர்கள் ஏப்ரல், மே மாதங்களை 'ஹங்ரி கேப்' என்பார்கள், அதாவது பசிக்காலம். பனிக்காலம் முழுக்க வயலில் நின்ற லீக்ஸ் என்ற வெங்காய இனத் தண்டு, கேல் என்ற கீரை, கோஸ் எல்லாம் வெயில் லேசாக ஏறியதும் பூத்தண்டு விட்டு முற்றிப்போகும். புதிதாக விதைத்தவை பெரும்பாலும் ஜூனில்தான் கைக்கு வரும். வெளியே டாஃபடில் பூத்து, மரமெல்லாம் துளிர்த்து, பார்க்கிற இடமெல்லாம் பச்சையாக இருக்கும். வயலில் மட்டும் பறிக்க அதிகம் இருக்காது.

முதல் வருடம் ஒரு பண்ணையிலிருந்து வாராவாரம் காய்ப்பெட்டி வாங்கிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் மூன்று வாரம் தொடர்ந்து முளைவிடத் தொடங்கிய உருளைக்கிழங்கு, தோல் சுருங்கிய கேரட், வெங்காயம். பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள் என்று கோபப்பட்டு நிறுத்திவிட்டேன். வயலிலேயே இல்லாததை அவர்கள் எங்கிருந்து கொடுப்பார்கள் என்று புரிய இன்னொரு வருடம் ஆனது. அதன்பிறகு என் சமையல் ஆண்டே ஏப்ரலை நினைத்துத்தான் தொடங்குகிறது.

சரி, குளிர்காலத்துக்கு வருவோம். கிழங்கும் கோஸ் வகையும் ருசியாக இருக்கும் காலம் இதுதான். பார்ஸ்னிப் என்று வெள்ளைக் கேரட் போல ஒன்று இருக்கும். உறைபனி விழுந்தபிறகு தோண்டியதைத் தேடி வாங்குங்கள். குளிர் பட்டதும் கிழங்கில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், செப்டம்பர் பார்ஸ்னிப்பில் அந்த இனிப்பு கிடைக்காது. நீளவாக்கில் நான்காகப் பிளந்து, நடுத்தண்டு நார் போல இருந்தால் சீவி எறிந்துவிட்டு, எண்ணெய், உப்பு, சீரகம், கொஞ்சம் மிளகாய்த்தூள் பிரட்டி, 200 டிகிரி ஓவனில் 35 நிமிடம். ஓரங்கள் கருஞ்சிவப்பாகிற வரை எடுக்காதீர்கள்.

டிசம்பரில் பிரசல்ஸ் ஸ்ப்ரவுட் தண்டோடு விற்பார்கள், குட்டிக் குட்டிக் கோஸ் ஒட்டிய தடி மாதிரி இருக்கும். இதைப் பலர் வெறுப்பதற்குக் காரணம் தண்ணீரில் போட்டு நெடுநேரம் வேகவிடுவது. வேக வேகக் கந்தக நாற்றம் வரும். மெலிதாக அரிந்து, கடுகு, வரமிளகாய் தாளித்து, பெரிய தீயில் ஐந்து நிமிடம் பொரியலாக வதக்கிப் பாருங்கள். லீக்ஸை மட்டும் கவனமாகக் கழுவ வேண்டும். தண்டு வெள்ளையாக வர மண் அணைத்து வளர்ப்பதால் அடுக்குக்குள் மண் இருக்கும், நீளவாக்கில் பிளந்து குழாயடியில் பிடியுங்கள். ஊதாத் தலையும் மஞ்சள் சதையுமாக ஸ்வீட் (swede) என்று ஒரு கிழங்கு. ஸ்காட்லாந்துக்காரர்கள் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளான ஜனவரி 25 இரவில் ஹாகிஸ் என்ற ஆட்டு உள்ளுறுப்புப் பண்டத்தோடு மசித்துச் சாப்பிடும் 'நீப்ஸ்' இதுதான். வெண்ணெயும் நிறைய மிளகும் போதும். நான் சாம்பாரிலும் போடுகிறேன், முள்ளங்கி இல்லாத குறை தெரிவதில்லை.

ஜனவரி பிறந்ததும் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு அதிசயம் நடக்கும். வேக்ஃபீல்ட், மோர்லி, ராத்வெல் மூன்றுக்கும் நடுவே உள்ள நிலத்துக்கு ரூபார்ப் முக்கோணம் என்று பெயர். ரூபார்ப் புளிப்பான தண்டுக்காக வளர்க்கும் செடி. அதை இரண்டு வருடம் ஒரு தண்டும் பறிக்காமல் வயலில் விடுவார்கள், வேர் பலம் சேர்த்துக்கொள்ள. உறைபனி பட்டபிறகு வேரோடு பெயர்த்து, வெளிச்சமே புகாத சூடான கொட்டகைக்குள் வைப்பார்கள். வெயில் இல்லாததால் செடி வேரில் சேர்த்த சத்தை எடுத்துத்தான் வளர வேண்டும். அந்த இருட்டில் மளமளவென்று இளஞ்சிவப்புத் தண்டு நீளும். மொட்டு வெடிக்கிற சத்தம் காதில் விழும். வெளிச்சம் அதிகம் பட்டால் தண்டு முற்றிவிடும் என்பதால் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் பறிப்பார்கள். 1960கள் வரை இதை லண்டன் சந்தைக்கு ஏற்றிப்போகக் குளிர்காலத்தில் தனி ரயிலே ஓடியிருக்கிறது. 2010இல் நம் புவிசார் குறியீடு போல ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயரும் கிடைத்தது. வேக்ஃபீல்டில் பிப்ரவரியில் ரூபார்ப் திருவிழா நடத்துவார்கள், ஒருமுறை போய் வாருங்கள்.

இலையைச் சாப்பிடவே கூடாது, அதில் விஷம் உண்டு. தண்டு மட்டும்தான் சாப்பிட. 400 கிராம் தண்டை விரல் நீளத்துக்கு நறுக்கி, 60 கிராம் சர்க்கரையும் ஆரஞ்சுத் தோல் துருவலும் தூவி, ஃபாயில் மூடி 180 டிகிரியில் 15 நிமிடம் வையுங்கள். கிளறினால் கூழாகிவிடும். இந்த இனிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், நம் சமையலுக்கு ரூபார்ப் கொடுக்கிற புளிப்புதான் எனக்குப் பெரிது. துவரம்பருப்போடு வேகவைத்து, பூண்டும் வரமிளகாயும் தாளித்தால் புளிச்சகீரைப் பருப்புக்கு மிகக் கிட்டத்தில் வரும். புளி வேண்டியதில்லை. பனி பெய்கிற ராத்திரியில் சுடுசோற்றோடு அதை முதல்முறை சாப்பிட்டபோதுதான் இந்த ஊர் மண்ணோடு எனக்கு ஒரு உறவு வந்தது.

ரூபார்ப் முடிகிற நேரத்தில் ஊதா ஸ்ப்ரவுட்டிங் ப்ரோக்கோலி. கிட்டத்தட்ட ஒரு வருடம் நிலத்தில் நின்று, சரியாகப் பசிக்காலம் தொடங்கும்போது கை கொடுக்கிற பயிர் அது. பிறகு காட்டுப்பூண்டு. ஈரமான மரத்தோப்புகளில் மார்ச் முதல் தரையே தெரியாமல் படர்ந்திருக்கும், கால் வைக்கும்போதே பூண்டு மணக்கும். நான்கு கை இலை, வரமிளகாய், உளுந்து, கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையல். ஆனால் விளையாட்டில்லை, லில்லி ஆஃப் த வேலி என்ற நச்சுச் செடியின் இலை பார்க்க இதைப் போலவே இருக்கும். கொத்தாக அறுக்காமல் ஒவ்வொரு இலையாகப் பார்த்துப் பறியுங்கள். கையில் பூண்டு வாடை ஏறிவிட்டபிறகு மூக்கை நம்ப முடியாது, இலையைக் கண்ணாலும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். முதல் முறை தெரிந்தவர் ஒருவரோடு போங்கள். வேரைப் பிடுங்கக் கூடாது, நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

ஏப்ரல் 23, செயின்ட் ஜார்ஜ் நாள், அன்றிலிருந்து ஜூன் 21 வரை ஆஸ்பரகஸ் என்ற இளந்தண்டுக் காயின் காலம் என்பது மரபு. அதற்குமேல் அறுத்தால் அடுத்த வருடத்துக்கான பலம் செடிக்கு இருக்காது. ஈவ்ஷாம் பள்ளத்தாக்கு இதற்குப் பேர்போனது. அறுத்த நேரத்திலிருந்தே இனிப்புக் குறைந்துகொண்டே போகும், அதனால் வாங்கிய அன்றே சமையுங்கள். சூடான கல்லில் எண்ணெய் தடவிப் போட்டு, மூன்று நான்கு நிமிடம், உப்பு, வெண்ணெய். வேறு எதுவும் சேர்த்துக் கெடுக்க வேண்டாம். மற்ற மாதங்களில் பெருவிலிருந்து விமானத்தில் வருவதை நான் வாங்குவதில்லை.

கோடைக்கு வழிகாட்டி தேவையில்லை. ஸ்ட்ராபெர்ரி, பட்டாணி, புதிய உருளைக்கிழங்கு, கூர்ஜெட் (சுக்கினி) எல்லாம் வந்து குவியும், விலையே எதை வாங்குவது என்று சொல்லிவிடும். ரன்னர் பீன்ஸை மட்டும் முற்றுவதற்குள் வாங்கி, இரண்டு பக்க நாரையும் உரித்து, சாய்வாக மெலிதாக அரிந்து தேங்காய் போட்டுப் பொரியல் செய்யுங்கள். பிரிட்டனில் மார்ச்சிலேயே கண்ணாடிக் கூடத்தைச் சூடாக்கி விளைத்த தக்காளியும் கிடைக்கும். பொதியில் இந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் அது பருவத்து விளைச்சல் ஆகாது. ஆகஸ்டு வரை பொறுத்தால் தக்காளி ரசத்தின் மணமே வேறு.

ஆகஸ்டு கடைசியில் கால்வாய் ஓரப் புதர்களில் பிளாக்பெர்ரி காசில்லாமல் கிடைக்கும். இடுப்புக்கு மேலே இருப்பதைப் பறியுங்கள், நாய்கள் நடமாடும் பாதை. செப்டம்பர் 29, மைக்கேல்மஸ் நாளுக்குப் பிறகு பறிக்காதே, பிசாசு அதன்மேல் துப்பிவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை. ஈரமும் குளிரும் ஏறிப் பழம் நொந்துபோகிற காலமும் அதுதான்.

அப்புறம் பிராம்லி. இதைத்தான் நீங்கள் இப்போதே வாங்க வேண்டும். 1809இல் நாட்டிங்ஹாம்ஷையரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி நட்ட விதையிலிருந்து வந்த ஆப்பிள் இது. பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற கசாப்புக்காரரின் பெயர்தான் பழத்துக்கு ஒட்டிக்கொண்டது. நட்ட பெண்ணின் பெயர் வராதது எனக்கு இன்றும் உறுத்தும். பச்சையாகக் கடித்தால் பல் கூசும், அடுப்பில் வைத்தால் பஞ்சு போலக் கரைந்துவிடும். ஆறு பழம் நறுக்கிச் சர்க்கரை தூவி, 200 கிராம் மைதாவில் 100 கிராம் வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, 100 கிராம் சர்க்கரை கலந்து மேலே பரப்பி, 180 டிகிரியில் 40 நிமிடம் வைத்தால் கிரம்பிள். பொடியாக அரிந்து உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், பெருங்காயம் சேர்த்து, கடுகு வெடித்த நல்லெண்ணெயைச் சூடாக ஊற்றினால் கல்யாண மாங்காய் ஊறுகாய் மாதிரி இருக்கும்.

இந்த வாரம் லீட்ஸ் கர்க்கேட் மார்க்கெட்டுக்குப் போய் நான்கைந்து கிலோ பிராம்லி வாங்குங்கள். அடிபட்டதை உடனே சமைத்துவிடுங்கள். அடிபடாததை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றி, ஒன்றையொன்று தொடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி, ஹீட்டர் இல்லாத அறையில் வையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை பார்த்து அழுகியதை எடுத்துவிட்டால் மார்ச்சைத் தொட்டுவிடும். மீந்ததையெல்லாம் அப்போது வேகவைத்து ஃப்ரீஸரில் போடுங்கள், ஏப்ரலில் எடுத்துக்கொள்ளலாம்.