கேர்லெஸ் விஸ்பர்: வரவேற்பில் வாசிக்கலாமா?

நண்பரின் திருமண வரவேற்பில் ஜார்ஜ் மைக்கேல் பாடிய கேர்லெஸ் விஸ்பர் பாட்டை வாசிக்கக் கேட்டிருக்கிறார்கள், அது துரோகப் பாட்டு என்று ஒருவர் தடுக்கிறார், உங்கள் டெனர் சாக்ஸில் (சாக்ஸபோன்) முதல் சுரமே எட்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

தடுத்தவர் சொல்வது உண்மைதான். காதலியை ஏமாற்றியவனே குற்றவுணர்வோடு பாடும் பாட்டு அது, நடனமாடும்போதே மனசாட்சி உறுத்துகிறது. ஆனாலும் 1984-இல் பிரிட்டனிலும் 1985-இல் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. ஜாஸ் வாசனையுள்ள அந்த சாக்ஸ் மெட்டுதான் பலருக்கு நினைவில் நிற்கிறது. ஜார்ஜ் மைக்கேலுக்கே பின்னாளில் அந்த வரிகள்மேல் பெரிய மதிப்பில்லை. அதனால் வார்த்தை இல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் வாசியுங்கள். மணமக்கள் ஆடும் முதல் நடனத்துக்கு மட்டும் கண்டிப்பாக வேண்டாம்! மணமக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுரம் எட்டாததற்கு உங்கள் வாசிப்பைக் குறை சொல்லாதீர்கள். மூல சுருதி டி மைனர், மெட்டு ஈ-யில் தொடங்குகிறது. சாக்ஸில் விரல் பிடிக்கும் சுரத்தின் பெயர் வேறு, காதில் ஒலிக்கும் சுரம் வேறு. டெனரில் அந்த ஈ-க்கு மேல் எஃப் ஷார்ப் பிடிக்க வேண்டும், பழைய கருவிகள் பலவற்றில் அதற்கான சாவியே (விரலால் அழுத்தும் பொத்தான்) கிடையாது. ஒலிப்பதிவில் வாசித்த ஸ்டீவ் கிரெகரிக்கும் இதே சிக்கல்தான். டேப்பின் வேகத்தைக் குறைத்து, அரைச் சுரம் இறக்கி வாசித்தார், பிறகு பழைய வேகத்துக்கு ஏற்றினார்கள்.

மேடையில் அது முடியாது. பக்கவாத்தியக்காரர்களை சி ஷார்ப் மைனருக்கு இறங்கச் சொல்லுங்கள், உங்களுக்கு மேல் எஃப் போதும். டெனரைவிடச் சிறிய ஆல்ட்டோ சாக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. மூல சுருதியிலேயே, ஆல்ட்டோவில் பிடிக்கும் சுரங்களாக சி ஷார்ப், பி, எஃப் ஷார்ப், டி என்று சுலபமாக இறங்கிவிடலாம். முதல் சுரத்தை அவசரப்படாமல் கொஞ்சம் நீட்டிப் பிடியுங்கள், அழகே அங்கேதான் இருக்கிறது.