ஜெனரலின் துப்பாக்கி அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கோல்ட் 1903 பற்றியது: இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க ஜெனரல்களுக்குக் கொடுத்த, சுத்தியல் வெளியே தெரியாத, .32 அங்குலத் தோட்டா அளவுள்ள சிறிய கைத்துப்பாக்கி.

முதலில் மேகஸினை (தோட்டாப் பெட்டியை) கழற்றுங்கள், பிறகே ஸ்லைடை (மேலே நகரும் பகுதியை) இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையைப் பாருங்கள். வரிசை மாறினால், மேகஸினில் இருக்கும் தோட்டா அறைக்குள் ஏறிவிடும்.

சட்டகத்தின் வலப்பக்கம் "யு.எஸ். பிராப்பர்ட்டி" (அமெரிக்க அரசின் சொத்து) முத்திரை இருக்க வேண்டும். மோசடி அதிகம் நடப்பதும் இங்கேதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் முத்திரை குத்திய பிறகே மேற்பூச்சு. அதனால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் இருக்கும். பள்ளம் வெள்ளிபோல் மின்னினாலோ, ஓரத்தில் உலோகம் பிதுங்கியிருந்தாலோ, சாதாரண விற்பனைத் துப்பாக்கியில் பின்னால் குத்தியது என்று சந்தேகியுங்கள்.

முத்திரை அசல் என்பதற்காக ஜெனரலுடையது ஆகிவிடாது. இதே முத்திரையோடு சில துப்பாக்கிகள் ஓ.எஸ்.எஸ். என்ற அன்றைய அமெரிக்க உளவுத்துறைக்கும் போயிருக்கின்றன. கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் கடிதம் வரிசை எண்ணை வைத்து, அனுப்பிய தேதியையும் இடத்தையும் சொல்லும். பெயரை நிரூபிக்க, அதே எண் எழுதிய ராணுவ ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். தோலுறையும் பெல்ட்டும் தனியாகவே சந்தையில் கிடைக்கும். அவை சாட்சி ஆகா.

ஜெனரல்களுக்கென்றே 1972-இல் வந்த எம்15 வேறு ரகம். அமெரிக்க ராணுவத்தின் ராக் ஐலண்ட் ஆயுதச்சாலை, வழக்கமான ராணுவக் கைத்துப்பாக்கியான 1911ஏ1-ஐக் குறுக்கிச் செய்த .45. அதன் இடப்பக்கக் கைப்பிடியில் ஜெனரலின் பெயர் பொறிக்கப் பித்தளைத் தகடு உண்டு.

தயவுசெய்து பாலிஷ் மட்டும் போடாதீர்கள். தேய்ந்த அசல் பூச்சுக்குத்தான் விலை.