வாசகர் கேள்வி–பதில்: செவிலியர் படிப்பும் சம்பளக் கணக்கும்

(பதில் அளிப்பவர்: அரசு மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

கேள்வி: பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்துப் படித்து முடித்திருக்கிறேன். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். தடைக்காலத்திலும், படகுகளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய் இங்கே வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களிலும் வீட்டில் வருமானம் இருக்காது. நர்சிங் படித்தால் உடனே வேலை, வெளிநாடு போனால் லட்சம் லட்சமாகச் சம்பளம் என்று சித்தப்பா சொல்கிறார். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அதனால்தான் ஆசை. ஆனால் பள்ளி ஆசிரியை ஒருவர், சேவை மனப்பான்மை இல்லாமல் சம்பளத்துக்காக இந்த வேலைக்குப் போகக் கூடாது என்கிறார். நான் நினைப்பது தவறா? உண்மையில் எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?
— ஒரு மாணவி, தங்கச்சிமடம்

பதில்: தவறில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலுக்குப் போக முடியாத வீட்டில், அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தைக் கொண்டு அரிசிக்கும் வட்டிக்கும் வழி தேடும் வீட்டில் பிறந்த பெண், மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளத்தை விரும்புவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பொறியியல் படிக்கப் போகிற பிள்ளையிடம் யாரும் சேவை மனப்பான்மை இருக்கிறதா என்று கேட்பதில்லை. செவிலியர் சம்பளம் பற்றிப் பேச்சு எழும்போது மட்டும் அந்தக் கேள்வி தவறாமல் வந்து நிற்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்பவர் பெரும்பாலும் சம்பளம் கொடுக்க வேண்டியவராகவே இருப்பார். உங்கள் ஆசிரியை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொள்வோம்.

ஆனால் சித்தப்பா போடும் கணக்கு பாதிதான் சரி. வேலை உடனே கிடைக்கும் என்பது உண்மை. அந்த முதல் வேலை பெரும்பாலும் ஒரு சிறு தனியார் மருத்துவமனையில், பன்னிரண்டு மணி நேர ட்யூட்டியில் கிடைக்கும். புதிதாகச் சேர்பவருக்கு மாதம் 10,000 முதல் 15,000 ரூபாய் என்பதுதான் நம் மாவட்டத்தைப் போன்ற இடங்களில் இன்றும் சாதாரணமாகக் கேட்கும் தொகை. அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. தேறியவர்கள் முதலில் தொகுப்பூதியத்தில்தான், அதாவது படிகள் இல்லாத ஒரே தொகையில்தான், அமர்த்தப்படுகிறார்கள். 2015-இல் இப்படிச் சேர்ந்தவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய்தான். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையோடு வந்தவர்கள், அது நடக்காமல் போகவே 2017 நவம்பரில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகங்கள் இருக்கும் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். பிறகு அந்தத் தொகை 14,000 ஆகி, 18,000 ஆனது. காலிப்பணியிடம் வர வர, பணிமூப்புப்படி, நிரந்தர ஊழியருக்கான காலமுறை ஊதியத்துக்கு மாற்றுகிறார்கள். மாறிவிட்டால் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்து தொகுப்பூதியத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். ஆனால் அந்த மாற்றத்துக்குச் சிலர் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டே விண்ணப்பம் போடுங்கள்.

மத்திய அரசுப் பக்கம் நிலைமை வேறு. எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்சிங் ஆபீஸர் பணிக்கு அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். படிகள் அதற்கு மேல். இதற்கான பொதுத்தேர்வின் பெயர் நார்செட். மதுரை எய்ம்ஸின் முதல் மருத்துவ வகுப்புகள் 2022-இல் தற்காலிகமாகத் தொடங்கியது நம் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் என்றாலும், எய்ம்ஸில் செவிலியராக வேலை கிடைக்கலாம் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தோன்றியது என்று எனக்குச் சந்தேகம். இந்தத் தேர்வை பி.எஸ்ஸி. நர்சிங் முடித்துப் பதிவு பெற்றவர் நேராக எழுதலாம். மூன்று ஆண்டு டிப்ளமாவான ஜி.என்.எம். படித்தவருக்கு, குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையில் இரண்டு ஆண்டு அனுபவம் வேண்டும். எனவே வீட்டுச் சூழல் இடம் கொடுத்தால் நான்கு ஆண்டு பி.எஸ்ஸி.யையே தேர்ந்தெடுங்கள் என்பது என் கருத்து.

வெளிநாட்டுச் சம்பளம் பற்றிச் சித்தப்பா சொல்வதில் பொய்யில்லை. அங்கே போய்ச் சேரும் வழியைத்தான் அவர் சொல்லவில்லை. வளைகுடா நாடுகளுக்கு அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு, இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வோடு செவிலியர் தேர்வு, ஜெர்மனிக்கு அந்த நாட்டு மொழி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படி இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் ஓரிரு ஆண்டு அனுபவமும் கேட்பார்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. முதலில் அங்கே விசாரியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து இரண்டு லட்சம் கட்டச் சொல்பவர் வீட்டுக்கு வந்தால், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி இவ்வளவு சொன்னபின், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்போ இரக்கமோ உங்களிடம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கச் சொல்ல மாட்டேன். அது வேலை பார்க்கப் பார்க்க வரும், சில நாள் வராமலும் போகும். இந்த வேலையின் அன்றாடக் காரியங்கள் உங்களுக்கு ஒத்துவருமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விடியற்காலையில், திருக்கை முள் குத்திய காலோடு ஒருவரைக் கரையிலிருந்து கேஷுவல்டிக்குத் தூக்கி வருவார்கள். வலியில் அவர் கத்துவார், கூட வந்த நான்கு பேரும் கத்துவார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே, சருமம் வெந்துவிடாமலும் விஷத்தின் வலி அடங்கும் அளவுக்கும் சூடான தண்ணீரைத் தயார் செய்து, தன் கையை முதலில் வைத்துப் பார்த்து, அவருடைய காலை அதில் வைத்து, ஆறினால் மாற்றி, முள் முனை உள்ளே தங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க ஏற்பாடு செய்து, டி.டி. ஊசி போட்டு, நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். அரை மணியில் அவர் முகம் தெளிவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதே இரவில் மலம் துடைத்ததும் படுக்கை விரிப்பு மாற்றியதும் எனக்குப் பிடித்த வேலைகள் அல்ல, ஆனாலும் செய்தேன். உங்களுக்குத் தெரிந்த செவிலியர் யாராவது இருந்தால், நைட் ட்யூட்டி முடிந்து வரும் காலையில் அவரிடம் பேசிப் பாருங்கள். மதியம் தூங்கி எழுந்தபின் கேட்டால் எல்லாரும் நல்லபடியாகத்தான் சொல்வார்கள்.

கடைசியாக, சேரும் முன் ஓர் எச்சரிக்கை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று நடக்கும் நர்சிங் அசிஸ்டென்ட் படிப்புகளைச் ‘செவிலியர் டிப்ளமா’ என்று பேனர் கட்டி விற்கிறார்கள். அவற்றை முடித்தால் தமிழ்நாடு நர்சுகள், மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லையேல் மேலே சொன்ன எந்த வேலையும் கிடையாது. பி.எஸ்ஸி. என்றால் கல்லூரி டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்றதா என்று பாருங்கள். செலவுக்கு, நீங்கள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அப்பா மீனவர் நலவாரியத்தில் உறுப்பினரா என்று இன்றே பாருங்கள். அதிலும் கல்வி உதவித்தொகை இருக்கிறது. வங்கிக் கல்விக் கடன் 4 லட்சம் வரை என்றால் நிலப்பத்திரமோ நகையோ ஈடாகக் கேட்கக் கூடாது.

கேள்வி: என் மகன் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறான். அது பெண்கள் வேலை, ஆணுக்குச் சம்பளமும் மரியாதையும் இருக்காது என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: படிக்க வையுங்கள். ஒரே பதவிக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்று அரசுப் பணியில் கிடையாது. இடங்கள் குறைவு என்பது மட்டும் உண்மை: எய்ம்ஸ் தேர்வில் 80 விழுக்காடு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, இராணுவ நர்சிங் கல்லூரிகளில் பெண்களை மட்டுமே சேர்க்கிறார்கள். ஆகவே உங்கள் மகன் மற்றவர்களைவிடக் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியிருக்கும். தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், மனநலப் பிரிவு ஆகியவற்றில் ஆண் செவிலியர்களைத் தேடி எடுக்கிறார்கள். கீழக்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார் என்பதால், அங்குள்ள மருத்துவமனைகளில் ஆண் செவிலியர்கள் எத்தனை பேர் என்று அந்த உறவினர்களிடமே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜி.என்.எம். முடித்து, நாற்பது படுக்கைகள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 12,000 ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்வத்தோடு வந்த எனக்கு இப்போது ட்யூட்டிக்குப் போகவே மனமில்லை. இந்தத் தொழிலை விட்டுவிடலாமா?
— ஒரு செவிலியர், இராமநாதபுரம்

பதில்: தொழிலை விடுவதற்கு முன் அந்த மருத்துவமனையை விடுங்கள். உங்கள் ஆர்வம் எங்கும் போய்விடவில்லை. சேர வேண்டிய கூலி சேராததால் வந்த சலிப்பு இது, மனம் தளர்ந்ததாக உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, தனியார் செவிலியர் சம்பளம் பற்றித் தெளிவான பரிந்துரைகள் கொடுத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். 100-க்கு மேல் இருந்தால் அதில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் குறைவானாலும் 20,000 ரூபாய்க்குக் கீழே கூடாது. பரிந்துரை என்பதால் அதைக் காட்டி நீங்கள் சம்பளம் வசூலிக்க முடியாது. ஆனால் மருத்துவமனைகளுக்கும் நர்சிங் ஹோம்களுக்கும் மாநில அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது, அது கட்டாயம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ.யும், இருபது பேரோ அதற்கு மேலோ என்றால் உங்கள் சம்பளத்துக்கு பி.எஃப்.பும் கட்டாயம். கூலி பற்றித் தொழிலாளர் துறை அலுவலகத்திலும், இ.எஸ்.ஐ., பி.எஃப். பற்றி அந்தந்த அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே கொடுப்பதா, விலகியபின் கொடுப்பதா என்பதை உங்கள் வீட்டு நிலைமை பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விலகியபின் என்பதே எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

சான்றிதழ் விஷயத்தில் பயப்படாதீர்கள். கல்விச் சான்றிதழ் ஈடாகப் பிடித்து வைக்கும் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகளில் கூறியிருக்கிறது. சான்றிதழ்களின் பட்டியலைத் தேதியோடு எழுதி, திருப்பித் தரும்படி ஸ்பீட் போஸ்டில் கேளுங்கள். அனுப்பிய ரசீதையும் சேர்ந்ததற்கான ஒப்புகையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடிதமே வேலையை முடித்துவிடும். சான்றிதழ் கைக்கு வந்தபின், குறைந்தது 50 படுக்கைகள் உள்ள மருத்துவமனையாகப் பார்த்துச் சேருங்கள். நாற்பது படுக்கை மருத்துவமனையில் நீங்கள் பார்த்த மூன்று ஆண்டுகளை எய்ம்ஸ் தேர்வுக்கு அனுபவமாகக் காட்ட முடியாது. ஜி.என்.எம். முடித்தவர்களுக்கான இரண்டு ஆண்டு போஸ்ட் பேஸிக் பி.எஸ்ஸி. படித்தும் அந்தத் தேர்வுக்குப் போகலாம், ஆனால் அந்த இரண்டு ஆண்டும் சம்பளம் இருக்காது. மேஜை மேல் நியமனக் கடிதம் வைக்கப்படும்போது, சம்பளத் தொகை, ட்யூட்டி நேரம், வார விடுமுறை, பி.எஃப். எண் ஆகிய நான்கும் அதில் எழுதியிருக்கின்றனவா என்று படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.