கேள்வி: நான் குளச்சல் பக்கம், பிளஸ் டூ மேத்ஸ் குரூப். கடலுக்கு அடியில வேலை செய்ற இன்ஜினியர் ஆகணும்னா மரைன் இன்ஜினியரிங் படிச்சா போதுமா?

போதாது மக்கா, ரெண்டும் வேற வேற. மரைன் இன்ஜினியரிங் கப்பலோட இன்ஜின் ரூம பாத்துக்கிறதுக்கான படிப்பு. நீ கேக்குறது ஓஷன் இன்ஜினியரிங், துறைமுகம், அலைத்தடுப்பு சுவர், எண்ணெய் எடுக்குற மேடை, கடலடி பைப்லைன், ஆழத்துல இறங்குற வண்டி எல்லாம் அதுல தான் வரும்.

எனக்கு ஊரு தூத்தூர் பக்கம், அப்பா ஆழ்கடல் போட்ல போறவரு, நான் மெக்கானிக்கல் முடிச்சு, எம்டெக் சேர்றதுக்கான கேட் (GATE) பரீட்சை எழுதி எம்டெக் போனேன். அங்க ஒரு கிளாஸ்ல, கடல் தண்ணிக்குள்ள ரேடியோ அலை ரொம்ப தூரம் போகாது, சத்தத்த அனுப்பி தான் ஆழமும் பாக்கணும் தகவலும் அனுப்பணும்னு சொன்னாவ, எனக்கு அப்பா போட்ல எக்கோ சவுண்டர் (சத்தம் அனுப்பி ஆழம் பாக்குற கருவி) திரையில பார், அதாவது கடலடி பாறைத்திட்டு, தெரியுறத காட்டினது அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. தாத்தா காலத்துல அதுவும் கிடையாது, சர்ச் கோபுரமும் பின்னால மலையும் ஒரே நேர்ல வருதான்னு பாத்தே பார் கெடக்குற இடத்த பிடிச்சிருக்காவ. நீவாடு (கடல் நீரோட்டம்) எங்க இழுக்கும், எந்த மாசம் மணல் எங்க ஏறும்னு பாத்து வளந்த பிள்ளைங்க இந்த லேப்கள்ல நிறைய இருக்கணும், எனக்கு அது பெரிய ஆசை.

தேங்காய்பட்டணம் துறைமுக வாயில மணல் சேந்து வள்ளம் கவுந்து எத்தன உயிர் போச்சுன்னு உனக்கே தெரியும். அலை எந்த கோணத்துல வருது, சுவர் எவ்வளவு நீளம் வேணும்னு சின்ன மாடல் கட்டி அலைத்தொட்டியில போட்டு பாக்குறது தான் இந்த படிப்போட ஆராய்ச்சி. பக்கத்துல விழிஞ்ஞத்துல ஐஐடி மெட்ராஸ்காரங்க 1991லயே அலையில இருந்து கரண்ட் எடுக்க 150 கிலோவாட் நிலையம் வச்சாவ.

ஆழம்னா சென்னை பள்ளிக்கரணையில இருக்குற தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். 3 பேர 6000 மீட்டர் ஆழத்துக்கு கொண்டு போக மத்ஸ்யா 6000 செய்றாவ, ஆள் உக்கார்றது 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டானியம் உருண்டை. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், அப்ப கீழ கிட்டத்தட்ட 600 மடங்கு! வெல்டிங், பேட்டரி, சத்தத்த வச்சு பாக்குற சோனார்னு எல்லா பிராஞ்ச் ஆளுங்களுக்கும் அதுல வேலை உண்டு.

படிக்கிற இடம்னா ஐஐடி மெட்ராஸ்ல நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் ஓஷன் இன்ஜினியரிங், அதுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதணும். கொச்சி பல்கலைக்கழகத்துல (குசாட்) கப்பல் கட்டுற படிப்பு இருக்கு, இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தோட விசாகப்பட்டினம் கேம்பஸும் பாரு. எதுவும் கிடைக்கலன்னா நம்ம மாவட்டத்துலயே மெக்கானிக்கல், சிவில் இல்ல ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) படிச்சுட்டு என்ன மாதிரி கேட் வழியா வா, 2022ல இருந்து இதுக்குன்னே தனி பேப்பரும் இருக்கு.

வீட்ல கப்பல் வேலை தான்னு நின்னாவன்னா, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னால கண்ணுக்கு கலர் டெஸ்ட் எடுத்துரு. என் கூட்டாளி ஒருத்தனுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகு மெடிக்கல்ல தான் கலர் சரியா தெரியலன்னு தெரிஞ்சுது, ஒரு வருஷம் போச்சு.