பல்பின் மின்தடை: கணக்கு ஒன்று சொல்கிறது, மீட்டர் வேறொன்று காட்டுகிறது, ஏன்?

வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் மின்தடையையும் வாட்ஸையும் எப்படிக் கணக்கிடுவது, 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் கணக்கோடு ஒட்டவே மாட்டேன் என்கிறதே ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு இரண்டு வரி போதும். இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் ஓம். வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கினால் வாட். கரண்ட் மில்லி ஆம்பியரில் இருந்தால் முதலில் 1000-ஆல் வகுத்து ஆம்பியராக்கிக்கொள்ளுங்கள்.

பக்கெட் தண்ணீரில் போடுகிற 1500 வாட் ஹீட்டர் ராடை எடுத்துக்கொள்வோம். 230 வோல்டில் அது 6.52 ஆம்பியர் இழுக்கும். 230 ÷ 6.52 = 35.3 ஓம். 230 × 6.52 = 1500 வாட். பிளக்கைப் பிடுங்கி, ராடு நன்றாக ஆறிய பிறகு பின்களில் மல்டிமீட்டரை வைத்தாலும் ஏறக்குறைய அதே 35 ஓம் காட்டும். உள்ளே சுற்றியிருக்கும் நைக்ரோம் கம்பி சூட்டுக்கு அவ்வளவாக மாறாது. அந்த 35.3 ஓமை நம்பி மேலே கணக்குப் போடலாம். சாயங்காலம் லோ வோல்டேஜில் 190 வோல்ட்தான் வருகிறது என்றால் கரண்ட் 5.38 ஆம்பியராகிவிடும், 190 × 5.38 = 1022 வாட். குறைந்தது 40 வோல்ட்தான், ஆனால் கரண்டும் கூடவே இறங்குவதால் சூட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற 21 நிமிடம் போதும் என்றிருந்தது 31 நிமிடமாகும். ராடு பழுதாகிவிட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் பல்ப். 60 வாட்டை 230-ஆல் வகுத்தால் 0.26 ஆம்பியர். 230 ÷ 0.26 = சுமார் 880 ஓம். மீட்டரோ 60, 70 ஓம் என்று காட்டியிருக்கும். இரண்டுமே சரி. மீட்டர் அளந்தது குளிர்ந்து கிடக்கும் டங்ஸ்டன் இழையை. எரியும்போது அந்த இழை சுமார் 2500 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. டங்ஸ்டனின் தடை சூட்டோடு ஏறிக்கொண்டே போகும். மீட்டர் காட்டிய 65 ஓமை வைத்து 230 வோல்டுக்கு வாட்ஸ் கண்டுபிடித்தால் 814 வாட் வரும். ஸ்விட்ச் போட்ட கணத்தில் அந்தப் பல்ப் 3.5 ஆம்பியர் வரை இழுப்பது உண்மைதான், ஆனால் கண் இமைப்பதற்குள் இழை சூடாகி 0.26-க்கு இறங்கிவிடும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும்போதே பியூஸாவதற்கும் இந்த முதல் இழுப்புதான் முக்கியக் காரணம்.

ஓம் விதியைப் பள்ளியில் “மாறா வெப்பநிலையில்” என்றுதானே ஆரம்பித்துப் படிக்கிறோம். தேர்வுக்காக ஒப்பிப்பதோடு அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிடக் கூடாது. வோல்டேஜையும் கரண்டையும் ஓடும்போது அளந்து வகுத்தால் கிடைப்பது ஓடும்போதுள்ள தடை. அதைத்தான் நம்ப வேண்டும்.

இது வீட்டுப் பாதுகாப்பிலும் வந்து நிற்கிறது. 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். அதன் பிளக் பின் சாக்கெட்டில் லூஸாக இருந்து, அந்தத் தொடுமிடத்தில் 0.3 ஓம் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை அதனாலேயே பெருக்கி, தடையாலும் பெருக்கினால், 8.7 × 8.7 × 0.3 = சுமார் 23 வாட். 25 வாட் சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்ததற்குச் சமம். பின் கறுத்துப்போவதும் சாக்கெட் உருகுவதும் இப்படித்தான். 0.3 ஓமைச் சாதாரண மல்டிமீட்டரில் பிடிக்கவும் முடியாது. அதன் இரண்டு வயரை ஒன்றோடொன்று தொட்டாலே அவ்வளவு காட்டும். கீசரை அணைத்தவுடன் பிளக் சூடாக இருந்தாலோ, கறுத்திருந்தாலோ, சாக்கெட்டை மாற்றச் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

மோட்டாருக்கு மட்டும் இந்த வகுத்தல் கணக்கைப் போடாதீர்கள். ஒரு 1 எச்பி பம்ப் 6 ஆம்பியர் இழுத்தால் 230 ÷ 6 = 38 வருகிறது, ஆனால் சுருளை அளந்தால் சில ஓம்தான் இருக்கும். மீதித் தடுப்பு சுருளின் காந்தப் புலத்தால் வருவது. வாட்ஸ் கண்டுபிடிக்கவும் பவர் ஃபேக்டரால் (வோல்டேஜ் × கரண்டில் உண்மையில் வாட்ஸாகச் செலவாகும் பங்கு) பெருக்க வேண்டும்: 0.8 என்றால் 230 × 6 × 0.8 = 1104 வாட். எல்இடி பல்புக்கும் பவர் ஃபேக்டர் உண்டு.

அளக்கும்போது கவனம். ஓம் ரேஞ்சில் இருக்கும் மீட்டரைக் கரண்ட் ஓடும் இடத்தில் வைக்கவே கூடாது. ஆம்பியர் ரேஞ்சில் வைத்து பிளக் பாயிண்டில் சொருகினால் நேரே ஷார்ட் சர்க்யூட். வீட்டுக் கரண்டை அளக்கக் கிளாம்ப் மீட்டர்தான் நல்லது. பேஸ் வயர் ஒன்றை மட்டும் கவ்வுங்கள். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால், போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் காட்டும்.