தத்துக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம், மனம் நிலைகொள்ளவில்லை: மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு 38 வயது. தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு 41. குழந்தைக்காகப் பல வருடம் சிகிச்சை எடுத்துப் பார்த்துவிட்டு, தத்தெடுக்கலாம் என்று இருவருமே மனமொத்து முடிவு செய்து, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவில் பதிவு செய்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் வீட்டாய்வு முடிந்து, வரிசையில் காத்திருக்கிறோம். இரண்டரை வருடம் ஓடிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை இணையதளத்தைத் திறந்து வரிசை எண்ணைப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. வகுப்பு நடுவில் போன் அதிர்ந்தால் நெஞ்சு படபடக்கிறது. இரவு தூக்கமில்லை. பகலில் சமாளிக்க நாலைந்து காபி குடிக்கிறேன். கணவர் நிதானமாக இருப்பதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு இருக்கிறது, கருப்பையில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார், குழந்தை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெளியூர்ப் பயணம், ஆரி வகுப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். உறவினர் ஒருவர், "ரெண்டு லட்சம் கொடுத்தால் ஆஸ்பத்திரியிலேயே குழந்தை கிடைக்கும், ஏன் இப்படிக் காத்துக்கிடக்கிறீங்க?" என்கிறார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையைச் சில நாள் போட்டேன். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? பார்த்தால் தத்தெடுப்புக்குப் பாதகமாகிவிடுமா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். அதிக ரத்தப்போக்கு. மாதாமாதம் இப்படி ரத்தம் போனால் உடம்பில் இரும்புச்சத்து குறைந்துகொண்டே வரும். படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், பாடம் நடத்தும்போது கவனம் சிதறுவது என்று மனப்பதற்றத்தில் வருகிற பலவும் ரத்தசோகையிலும் வரும். இரவில் படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்துக் குறைவை இன்னும் அதிகமாகவே சந்தேகிப்பேன். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இந்த வாரமே ஹீமோகுளோபின், உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கமின்மைதான். காத்திருப்பின் மேல் நாம் போடும் பழியில் ஒரு பகுதி ரத்தத்தில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் மனதை மட்டும் சரிசெய்ய முயல்வதில் அர்த்தமில்லை.

"குழந்தை வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். குழந்தை வந்தபிறகு உங்களுக்கு நேரமே இருக்காதே, அம்மா. கட்டி என்றதும் கருப்பையை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் தள்ளிப்போடும் பெண்கள் நிறையப் பேர். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. எது பொருந்தும் என்பது கட்டியின் அளவையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது. மகளிர் மருத்துவரை இப்போதே பாருங்கள்.

காபியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலு மணிக்குக் குடித்த காபியில் உள்ள கஃபீனில் ஏறக்குறைய பாதி ராத்திரி ஒன்பது மணிக்கும் உடம்பிலேயே இருக்கும். தூக்கம் கெடும், மறுநாள் சோர்வாக இருக்கும், அதற்கு இன்னொரு காபி. சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்தும் சரியாகச் சேராது. காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, அதோடு நிறுத்துங்கள். ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும் என்பதால் இரண்டு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

சரி, காத்திருப்புக்கு வருவோம்.

கர்ப்பிணிப் பெண்ணும் காத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு ஒரு தேதி இருக்கிறது, வயிறு வளர்கிறது, ஐந்தாம் மாதம் ஒரு ஸ்கேன், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு என்று வழியெங்கும் அடையாளங்கள் இருக்கின்றன. ஊரே அவளிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கிறது. உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பது மட்டும்தான் தெரியும், அது அடுத்த மாதமா அடுத்த வருடமா என்பது தெரியாது. மனதை இந்த அளவுக்கு அரிப்பது இந்தத் தெரியாமைதான். 2016-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கணினித் திரையில் வரும் கல்லுக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று அதில் பங்கேற்றவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் லேசான மின் அதிர்ச்சி. நிச்சயம் அதிர்ச்சி வரும் என்று தெரிந்தபோது இருந்ததை விட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி இருந்தபோதுதான் அவர்களுக்கு வியர்வையும் பதற்றமும் அதிகமாக இருந்தன. உங்கள் உடம்பு இரண்டரை வருடமாக அந்தப் பாதிக்குப் பாதியில் நிற்கிறது. இதைப் பலவீனம் என்று நினைக்காதீர்கள். யார் உடம்பும் இப்படித்தான் செய்யும்.

அதனால் "பொறுமையாக இரு" என்று உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்லி யாருக்கும் பொறுமை வந்ததில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களை உளவியல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டார்கள், நினைக்காமல் இருக்கப் பார்த்தார்கள், நல்லதையே நினைக்கப் பார்த்தார்கள். பதற்றத்தைத் தணிக்க அவை பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அதே ஆய்வாளர்களின் பிற்கால வேலையில் ஒன்று தெரிந்தது. நேரம் போவதே தெரியாமல் ஒன்றில் மூழ்கிப்போகிறவர்களுக்குக் காத்திருப்பு சற்று எளிதாக இருந்தது. டிவி பார்ப்பதில் அது கிடைக்காது. கை, கண், மூளை மூன்றையும் கேட்கிற வேலையாக இருக்க வேண்டும், கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்க வேண்டும். நீங்கள் நிறுத்திவைத்த ஆரி வேலை அதற்கு மிகப் பொருத்தம். சட்டத்தில் துணியைப் பூட்டி, ஊசியில் சங்கிலித் தையல் போடும்போது போனைப் பார்க்க முடியாது. அந்த வகுப்புக்குத் திரும்பிப் போங்கள்.

இப்போது அந்த இணையதளம். தினமும் எத்தனையோ முறை திறக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றும் இருக்காது. ஆனால் ஒருநாள் இருக்கும் என்பதால் மூளை விடாது. எண் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் ஒரு சின்னச் சந்தோஷம், அப்படியே இருந்தால் ஒரு சின்ன அடி. கொஞ்ச நாளில் பார்ப்பதே பதற்றத்தை உண்டாக்க ஆரம்பிக்கிறது. ஆனால் விதிமுறையை நன்றாகக் கவனியுங்கள். குழந்தையின் விவரம் உங்களுக்கு வந்தால், அந்தக் குழந்தையை உங்களுக்காக ஒதுக்கி வைக்கச் சொல்ல 48 மணி நேரம் தருகிறார்கள். செல்போனுக்கும் மின்னஞ்சலுக்கும் தகவல் வரும். அதாவது ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்த்தாலே நீங்கள் எதையும் தவறவிட வாய்ப்பில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்புமுன் நீங்கள் பாருங்கள், இரவு சாப்பாட்டுக்கு முன் கணவர் பார்க்கட்டும். படுக்கையில் வேண்டாம். கொடுத்திருக்கும் செல் எண்ணும் மின்னஞ்சலும் சரிதானா என்று ஒரே ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வகுப்பு நேரத்தில் போனை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிடுங்கள். முதல் வாரம் கை பரபரக்கும், பதற்றம் கூடுவது போலவே இருக்கும். அதைத் தாண்டினால் இறங்கும்.

கணவர் பார்ப்பதை ஏன் சேர்த்தேன் என்றால், காத்திருப்பு முழுவதும் உங்கள் தலையிலேயே இருக்கிறது. அவர் நிதானமாக இருப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நான் பார்த்த வரையில், இப்படி நிதானமாக இருக்கிற கணவர்களில் பலர் மனைவி ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிறாளே, நானும் சேர்ந்து தவித்தால் வீடு என்னாவது என்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்கள். தினமும் மாலை கால் மணி நேரம் இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுங்கள். எது பயமாக இருக்கிறது என்று அவரையும் சொல்லச் சொல்லுங்கள். கால் மணி ஆனதும் அன்றைக்கு அந்தப் பேச்சை மூடிவிடுங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், மாலையில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிவைத்துவிடுங்கள். கவலைக்கு நேரம் ஒதுக்குவது விநோதமாகத் தோன்றலாம். நோயாளிகளுக்கு நாங்கள் வழக்கமாகச் சொல்லிக் கொடுக்கும் முறைதான் இது, பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

பயணங்களை நிறுத்தியதும் தேவையில்லாதது. 48 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல ஒரு போனும் இணைய இணைப்பும் போதும். கொடைக்கானலில் இருந்தும் சொல்லலாம். அந்தக் குழந்தையை ஏற்றுக்கொள்ள அதற்கப்புறம் 30 நாள் அவகாசம் இருக்கிறது.

உங்கள் உறவினர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசப் போகிறேன். வேண்டவே வேண்டாம். 2019-ல் ராசிபுரத்தில் குழந்தை விற்பனை வெளிவந்து தமிழ்நாடே அதிர்ந்தது நினைவிருக்கும். பணம் கொடுத்துக் குழந்தை வாங்குவது இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மருத்துவமனைக்காரர்கள் உடந்தையாக இருந்தால் அவர்களுக்கு அதற்கும் மேல். சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். அப்படி வந்த குழந்தையைப் பெற்றவள் விரும்பிக் கொடுத்தாளா, ஏமாற்றிப் பிரித்தார்களா என்று உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. யாராவது கதவைத் தட்டினால் போலீஸா என்று பயப்படுவீர்கள். பிடிபட்டால், அம்மா என்று கூப்பிடப் பழகிய பிள்ளையை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போவார்கள். இப்போதைய பதற்றத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது, அந்தப் பதற்றத்துக்கு இருக்காது. உறவினரிடம் ஒருமுறை கணவர் தெளிவாகச் சொல்லட்டும், "நாங்க முறைப்படிதான் போறோம், இதை மறுபடி பேசாதீங்க" என்று. மற்ற சொந்தங்கள் "என்னாச்சு, வந்துச்சா?" என்று கேட்டால், "வந்ததும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவைப் பற்றி. தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல ஆகிவிட்டதாகத் தோன்றினால், கடிகாரத்தைப் பார்க்காமல் எழுந்து வேறு அறையில் மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கியதும் திரும்பி வந்து படுங்கள். எவ்வளவு குறைவாகத் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமையும்தான். மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் ஐந்து நிமிடம், நெஞ்சுப் படபடப்பை இறக்கும். போன் அதிர்ந்ததும் செய்யப் பழகினால் வகுப்பில் யாருக்கும் தெரியாது. மாலையில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஆனால் ஹீமோகுளோபின் மிகக் குறைவு என்று வந்தால், அது ஏறும் வரை மெதுவாகவே நடங்கள்.

மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அல்பிரசோலம் போன்ற வகையாக இருந்தால், சில வாரங்களிலேயே அது இல்லாமல் தூக்கம் வராது என்ற நிலைக்குக் கொண்டுவிடும். சில நாள்தான் போட்டேன் என்கிறீர்கள், அதோடு நிறுத்துங்கள். ஒருவேளை வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கேட்டீர்கள். மேலே சொன்னவற்றை ஒரு மாதம் செய்தும் தூக்கம் திரும்பவில்லை என்றால், பள்ளி வேலை பாதிக்கப்பட்டால், காரணமில்லாமல் அழுகை வந்தால் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தத்தெடுப்பவர்கள் உடலாலும் மனதாலும் நிலையாக இருக்க வேண்டும் என்பது விதி. மனநல ஆலோசனை பெற்றவர்களுக்குத் தகுதியில்லை என்று அதில் இல்லை. உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் கடமை 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி மருத்துவருக்கு உண்டு. வீட்டாய்வு அறிக்கை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் சமூகப் பணியாளர் மறுபடி வரக்கூடும். அவர் கேட்டால் மறைக்காதீர்கள். காத்திருந்ததில் தூக்கம் கெட்டது, ரத்தசோகை இருந்தது, இரண்டுக்கும் மருத்துவரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன் என்று சொல்லுங்கள், மருத்துவர் கடிதம் இருந்தால் காட்டுங்கள்.