தியான்ஜின் நிலப் பத்திரம் வாங்கினா சீனா பணம் தருமா?

கேள்வி: ரிட்டயர் ஆன எங்கப்பாகிட்ட ஒரு புரோக்கர், சீனாவுல தியான்ஜின் பிரிட்டிஷ் கன்செஷன் நிலத்தோட பழைய பத்திரம் இருக்கு, ஒண்ணரை லட்சம் குடுத்தா உங்க பேருக்கு மாத்தித் தரேன், சீன அரசாங்கம் கோடிக்கணக்குல நஷ்டஈடு தரும்னு சொல்றார். நம்பலாமா?

பதில்: நம்பாதீங்க, அட்வான்ஸ்னு ஒரு ரூபாகூட போட்றாதீங்க.

1860ல போர்ல தோத்த சீனா, தியான்ஜின்ல ஆத்தோரமா ஒரு துண்டு நிலத்தை பிரிட்டிஷ் அரசுக்கு நிரந்தரக் குத்தகைக்கு விட்டுச்சு, அதுதான் கன்செஷன். பின்னாடி சூடான்ல கார்ட்டூம் நகரத்துல செத்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சார்லஸ் கார்டன்தான் அதை மனை மனையா பிரிச்சு வரைபடம் போட்டவர், கான்சல்னு சொல்ற பிரிட்டிஷ் தூதரக அதிகாரி அந்த மனைகளை வியாபாரிங்களுக்கு குத்தகைக்குக் குடுத்தார். அப்ப அந்தப் பழைய மனைகளோட பத்திரம் வெறும் உள்குத்தகைதான். 1943 ஜனவரில பிரிட்டன் கன்செஷனையே திருப்பிக் குடுத்துடுச்சு. 1949க்கு அப்புறம் போன சொத்துக்கெல்லாம் சேர்த்து 1987ல ரெண்டு அரசாங்கமும் பேசி சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர்ல கணக்கை முடிச்சாங்க. மனு போடற காலமும் அப்பவே முடிஞ்சுது, அதுவும் பிரிட்டிஷ் பிரஜைகளுக்குத்தான். இன்னிக்கு சீனாவுல நகர நிலம் முழுக்க அரசோடதுன்னு 1982 அரசியல் சட்டத்துலயே இருக்கு.

புரோக்கர் அடுத்து ஷாங்காய் பத்திரம்னு ஒண்ண நீட்டுவார், அது வேற ரகம், அதையும் சொல்லிடறேன். அங்க வெள்ளைக்காரங்க சீன நிலக்காரங்ககிட்டயே நேரா நிரந்தரக் குத்தகை பேசுவாங்க, கான்சல் பதிவு பண்ணுவார், சீன அதிகாரி தாவோதாய் முத்திரை குத்துவார். அந்தப் பத்திரத்துக்கு மவுசு ஏறினதும் சீனப் பணக்காரங்களே தங்க நிலத்தை ஒரு வெள்ளைக்காரன் பேர்ல பதிய ஆரம்பிச்சாங்க, பேரை வாடகைக்கு விட்டே வக்கீல் கம்பெனிங்க சம்பாதிச்சுது. நிஜ சொந்தக்காரர் கையில, நிலம் உண்மையில இவரோடதுதான்னு சொல்ற ஒரு நம்பிக்கைப் பத்திரம் மட்டும் தனியா இருக்கும். அதனால பத்திரத்துல இருக்கற இங்கிலீஷ் பேர் சொந்தக்காரரோட பேராவே இருக்கணும்னு இல்ல. அந்த ஆளோட வாரிசுகிட்ட வாங்கினேன்னு புரோக்கர் சொன்னாலும் பிரயோஜனம் இல்ல, புரியுதா?

அப்பா விடமாட்டேங்கிறார்னா, மனை நம்பரையும் முத்திரை இருக்கற பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி புரோக்கர்கிட்ட கேளுங்க. லண்டன்ல கியூங்கற (Kew) இடத்துல இருக்கற பிரிட்டிஷ் அரசு ஆவணக் காப்பகமான நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல, சீனாவுல இருந்த பிரிட்டிஷ் கான்சல் ஆபீஸ்களோட பத்திரங்களுக்குன்னே எஃப்.ஓ. 678னு ஒரு ஆவண வரிசை இருக்கு, அதோட ஒப்பிட்டுப் பாக்கலாம். ஆனா காப்பி கேட்டா முதல்ல எத்தன பக்கம்னு பாக்கவே ஒரு கட்டணம், அப்புறம் காப்பிக்கு ஒரு கட்டணம், அப்புறம் காத்திருக்கணும், பொதுமக்கள் பாக்கவா வச்சிருக்காங்க இல்ல பூட்டி வைக்கவான்னு எனக்கே சந்தேகம் வரும். போட்டோ கேட்டதுமே பாதி புரோக்கருங்க போனை எடுக்கறத நிறுத்திடுவாங்க.

ஒரிஜினல்னே வச்சுக்குவோம், அப்பவும் அது ஃப்ரேம் போட்டு மாட்டற பொருள்தான், அந்த மாதிரி பேப்பர் ஏலத்துல என்ன விலைக்குப் போயிருக்குன்னு பாத்துட்டு அந்த விலைக்கு மட்டும் வாங்குங்க. பேர் மாத்தறேன்னு சொல்லி அப்பாவோட ஆதார், பேங்க் பாஸ்புக் காப்பி கேட்டிருந்தா, குடுக்க வேணாம்னு இன்னிக்கே சொல்லிடுங்க.